ஜப்பானிய மொழியில் துண்டுப்பிரசுரம் அடுக்குவது: வரி எங்கே உடையலாம், இடைவெளி எங்கே வரலாம்

ஏப்ரல் பிறந்து கடல் அடங்கத் தொடங்கியதும், உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து விடுதிக்காரர்களும் புறாமலைக்குப் படகு விடுபவர்களும் துண்டுப்பிரசுரம் அடிக்க வந்துவிடுவார்கள். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் திருகோணமலையில் டிடிபி வேலை, அதாவது கணினியில் பக்கம் அடுக்கும் வேலை, செய்கிற எல்லோருக்கும் பழகியவை. இப்போது சிலர் நாலாவதாக ஜப்பானியமும் கேட்கிறார்கள். வேலைக்கு ஜப்பான் போகவென்று மொழி படிக்கும் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பவர்களும் பாடத்தாள் அடுக்கித் தரச் சொல்லி வருகிறார்கள். மொழிபெயர்ப்பு நம்முடைய வேலை இல்லை. அதை மொழி தெரிந்த ஒருவர் செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். அதைப் பக்கத்தில் உட்காரவைப்பதுதான் நம் பாடு.

பிழை நுழைவதும் அந்த இடத்தில்தான். தமிழுக்குச் செய்கிற மாதிரியே ஸ்பேஸ் பாரையும் என்டரையும் தட்டித் தட்டி வரியைச் சரிக்கட்டப் பார்க்கிறோம். நம் கண்ணுக்கு அது ஒழுங்காகத்தான் தெரியும். வாசிக்கிற ஜப்பானியருக்கு முதல் பந்தியிலேயே பிசிறு தெரிந்துவிடும். தன் மொழியில் எழுதி வரவேற்கிறார்கள் என்று சந்தோஷப்படவேண்டிய ஆளுக்கு அரைகுறைத் தாளை நீட்டுவது எனக்கு மனம் ஒப்பாத வேலை. ஆகவே நான் செய்கிற முறையை இங்கே முழுக்க எழுதி வைக்கிறேன். ஜப்பானியம் வாசிக்கத் தெரியாதவரும் செய்யலாம். சில குறிகளை முகம் பார்த்து அடையாளம் காணத் தெரிந்தால் போதும்.

பெட்டி

ஜப்பானிய எழுத்து ஒவ்வொன்றும் ஒரே அளவான சதுரப் பெட்டிக்குள் இருக்கிறது. ஒலியெழுத்துகளான ஹிரகானா, கதகானா, சீனத்தில் இருந்து வந்த கான்ஜி எதுவானாலும் பெட்டி ஒன்றுதான். காற்புள்ளிக்கும் முற்றுப்புள்ளிக்கும் அடைப்புக்குறிக்கும்கூட முழுப்பெட்டி உண்டு. சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. அதனால் வரி முடிகிற இடத்தில் எந்த இரண்டு எழுத்துக்கு நடுவிலும் உடையலாம். ஒரு சொல்லின் நடுவில் உடைந்தாலும் குற்றமில்லை, ஒட்டுக்குறியும் போடுவதில்லை.

தமிழில் பழைய அச்சுப் புத்தகம் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது. அங்கேயும் சொல் பாதியில் உடைந்து சத்தமில்லாமல் அடுத்த வரிக்குப் போகும். ஒரு கட்டுப்பாடு மட்டும் உண்டு: ஒற்றெழுத்து வரியின் தலையில் வரக்கூடாது. 'அம்மா' உடைந்தால் 'அம்' ஒரு வரியிலும் 'மா' அடுத்த வரியிலும் வரும். 'ம்மா' என்று ஒரு வரி தொடங்காது. ஜப்பானியத்திலும் அதே மாதிரியான கட்டுப்பாடுகள்தான், எண்ணிக்கை கொஞ்சம் கூட. அவற்றுக்குக் கின்சொகு என்று பெயர். ஜிஸ் எக்ஸ் 4051 என்ற ஜப்பானியத் தேசியத் தரத்தில் இவை எழுதப்பட்டிருக்கின்றன. அது முதலில் 1993இல் வந்து 2004இல் விரிவாகத் திருத்தப்பட்டது. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2009இல் ஜப்பானியப் பக்க அமைப்புக்கென்று ஒரு நீண்ட ஆவணத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டது. மென்பொருள்கள் இந்த இரண்டையும்தான் பெரும்பாலும் பின்பற்றுகின்றன.

வரியின் தலையில் வரக்கூடாதவை இவை: காற்புள்ளி, முற்றுப்புள்ளி, மூடும் அடைப்புக்குறிகள், கேள்விக்குறி, வியப்புக்குறி, நடுப்புள்ளி, முந்தைய எழுத்தை இரட்டிக்கும் குறி, கதகானாவில் ஒலியை நீட்டும் கிடைக்கோடு, அப்புறம் சின்ன எழுத்துகள். வரியின் கடைசியில் வரக்கூடாதவை திறக்கும் அடைப்புக்குறிகள். இரட்டைக் கோடும் இரட்டையாக வரும் மூன்றுபுள்ளியும் நடுவில் உடையக்கூடாது.

சின்ன எழுத்து என்பது பக்கத்து எழுத்தைவிடச் சிறிதாக, பெட்டியின் கீழ்ப்பக்கம் ஒதுங்கி நிற்கும் எழுத்து. தனியே அதற்கு வாழ்வில்லை, முந்தைய அல்லது அடுத்த எழுத்தின் ஒலியோடு சேர்ந்துதான் ஒலிக்கும். இதை நம் ஊர்ப் பெயர்களை வைத்தே பார்க்கலாம். திருகோணமலையின் ஆங்கிலப் பெயரைக் கதகானாவில் ஏழு பெட்டியில் எழுதுவார்கள்: தோ, ரி, ன், கோ, மா, ரி, கடைசியில் நீட்டல் கோடு. ஆறு எழுத்தும் ஒரு வரியில் முடிந்து, அந்த வெறும் கோடு அடுத்த வரியின் தலையில் விழுந்தால் எப்படி இருக்கும்? வாசிப்பவர் அதை 'ஒன்று' என்ற இலக்கமாகவோ பிரிப்புக் கோடாகவோ ஒரு கணம் எடுத்துக்கொள்வார். உப்புவெளி இன்னும் கவனம் கேட்கிற பெயர். உ, சின்ன ட்சு, பு, வு, சின்ன எ, ரி என்று ஆறு பெட்டி, அதில் இரண்டு பெட்டியில் சின்ன எழுத்து. 'ப்பு' என்ற அழுத்தத்தைத் தருவது அந்தச் சின்ன ட்சு. 'வெ' என்ற ஒலியைத் தருவது வு-வும் சின்ன எ-யும் சேர்ந்து. நிலாவெளியிலும் அதே சின்ன எ இருக்கிறது. ஆக, நம் கடற்கரைப் பெயர்கள் ஒவ்வொன்றும் கின்சொகுவுக்குச் சோதனை வைக்கிறவை. அடுக்கி முடித்ததும் நான் முதலில் இந்தப் பெயர்களைத் தேடித்தான் கண்ணை ஓட்டுவேன்.

சின்ன எழுத்துக்கும் நீட்டல் கோட்டுக்கும் மட்டும் கொஞ்சம் இளக்கம் உண்டு. குறுகலான பத்தியில் (பக்கத்தை நெடுக்காகப் பிரிக்கும் வரிசையில்) அவை வரியின் தலையில் வருவதை ஏற்றுக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் மென்பொருள்களில் கடுமையான கின்சொகு, இளகிய கின்சொகு என்று இரண்டு தெரிவு இருக்கும். துண்டுப்பிரசுரத்துக்குக் கடுமையானதையே எடுங்கள். வரிக்குப் பதினைந்து எழுத்துக்கும் குறைவான மிகக் குறுகிய பத்தி என்றால் மட்டும் இளகியதை யோசிக்கலாம்.

அகலத்தை எழுத்தால் கணக்கிடுவது

இந்த வேலையில் பாதிப் பிரச்சினை அகலத்தைச் சரியாக வைத்தாலே போய்விடும் என்பது என் அனுபவம். தமிழில் பத்தியின் அகலத்தை முதலில் வைத்து எழுத்தை அதற்குள் ஊற்றுவோம். ஜப்பானியத்தில் எழுத்தின் பெட்டியை முதலில் வைத்து, வரிக்கு எத்தனை பெட்டி என்று முடிவு செய்து, அதைப் பெருக்கிப் பத்தியின் அகலத்தைக் காண வேண்டும். அகலம் பெட்டியின் முழு மடங்காக இல்லாவிட்டால் ஒவ்வொரு வரியிலும் அரைப்பெட்டி, கால்பெட்டி என்று மிச்சம் நிற்கும். இருபக்கமும் நேராக்கச் சொன்னால் அந்த மிச்சத்தை எல்லா எழுத்துக்கு நடுவிலும் பிரித்துப் போட்டுவிடும். வரிக்கு வரி நெருக்கம் மாறித் தெரிவது இதனால்தான்.

ஜப்பானிய அச்சில் எழுத்தளவுக்குக் கியூ என்ற அலகு உண்டு. ஒரு கியூ என்பது 0.25 மி.மீ. மில்லிமீட்டரில் யோசிக்கிற நமக்கு இது பெரிய வசதி. ஏ4 தாளைக் கிடையாக வைத்து மூன்றாக மடித்தால் ஒரு மடிப்பு 99 மி.மீ. உடல் எழுத்தை, அதாவது தலைப்பு அல்லாத உரையின் எழுத்தை, 12 கியூ வைத்தால் பெட்டி சரியாக 3 மி.மீ. வரிக்கு 27 எழுத்து என்றால் 81 மி.மீ. மிச்சம் 18 மி.மீ., இடமும் வலமும் 9 மி.மீ. ஓரம். கணக்கு அச்சுக் குத்தினமாதிரி முடிகிறது. மடிக்கிற பிரசுரத்துக்கு நான் எப்போதும் எடுக்கிற அளவு இதுதான்.

வேர்டில் கியூ கிடையாதென்றால் 8.5 பாயிண்ட் போடுங்கள். அது 3 மி.மீட்டருக்கு மயிரிழை குறைவு, 27 எழுத்தும் 81 மி.மீட்டருக்குள் அடங்கிவிடும். வரிக்கு வரி இடைவெளியைத் தானாக விடாமல் 15 பாயிண்ட் என்று நிலையாகக் கொடுங்கள். எழுத்தின் உயரத்தில் பாதிக்குக் குறையாத வெளி வரிகளுக்கு நடுவில் வேண்டும். சதுரங்கள் அடர்ந்த பந்தியில் கண் வரி மாறிப்போகாமல் இருக்க அது அவசியம்.

சரி, இருபத்தேழு பெட்டியும் நிரம்பி, இருபத்தெட்டாவதாக ஒரு முற்றுப்புள்ளி வந்து நிற்கிறது என்று வையுங்கள். அது அடுத்த வரியின் தலைக்குப் போகமுடியாது. மென்பொருளுக்கு மூன்று வழி இருக்கிறது.

ஒன்று உள்ளே இழுப்பது, ஒய்கொமி. முற்றுப்புள்ளியின் பெட்டியைக் கூர்ந்து பாருங்கள்: சின்ன வட்டம் இடது கீழ் மூலையில் இருக்கும், வலது பாதி வெறுமை. வரியின் கடைசியில் வரும்போது அந்த வெறும் பாதி தேவையில்லை, அரைப்பெட்டி போதும். இன்னும் அரைப்பெட்டி வேண்டும். வரியின் நடுவில் எங்காவது ஒரு காற்புள்ளி இருந்தால் அதன் பின்னால் இருக்கிற வெறும் பாதியை எடுத்துக்கொள்ளலாம். இப்போது 28 எழுத்தும் 27 பெட்டி அகலத்தில் அடங்கிவிட்டன, ஒரு எழுத்தும் நசுங்கவில்லை. இரண்டாவது வெளியே தள்ளுவது, ஒய்தாஷி. கடைசி எழுத்தையும் முற்றுப்புள்ளியையும் சேர்த்து அடுத்த வரிக்கு அனுப்பிவிட்டு, மிச்சமான 26 எழுத்தையும் சற்றே விரித்து வரியை நிரப்புவது. மூன்றாவது தொங்கவிடுவது, புராசகே. முற்றுப்புள்ளியையும் காற்புள்ளியையும் மட்டும் பத்தியின் விளிம்புக்கு வெளியே ஓரத்தில் நிற்கவிடுவது.

எனக்குப் பிடித்தது ஒய்கொமி. வரி இறுக்கமாக, ஓரம் நேராக இருக்கும். புராசகே நாவல் போன்ற நீளமான வாசிப்புக்கு அழகு. மடிப்புத் தாளில் ஓரம் 9 மி.மீ.தான், மடிப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் வட்டம் வட்டமாகத் தொங்குவது நன்றாயிராது. எந்த வழியாக இருந்தாலும் அதை மென்பொருள் செய்யட்டும். நாம் கையால் என்டர் தட்டிச் சரிக்கட்டினால், கடைசி நேரத்தில் படகுக்காரர் விலையை மாற்றச் சொல்லும்போது அந்த என்டர் வரியின் நடுவில் வந்து நிற்கும்.

இடைவெளி

ஜப்பானிய வசனத்தில் வெளி இல்லாமல் இல்லை. அது பெட்டிக்குள்ளேயே இருக்கிறது என்பதை இப்போது பார்த்தோம். தனி எழுத்தாக அடிக்கிற இடைவெளி இரண்டு வகை. ஒரு முழுப்பெட்டி அகலமுள்ளது ஸென்காகு இடைவெளி, யூனிகோடில் 3000 என்ற எண். மற்றது நாம் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் அடிக்கிற சாதாரண அரை அகல இடைவெளி. ஜப்பானிய விசைப்பலகை முறையில் ஹிரகானா அடிக்கும்போது ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஸென்காகுதான் விழும். ஆகவே உங்களுக்கு வருகிற உரையில் இரண்டும் கலந்தே இருக்கும்.

வேர்டில் மறைகுறிகளைக் காட்டும் பந்தி அடையாளப் பொத்தானை அழுத்துங்கள். சாதாரண இடைவெளி புள்ளியாகவும் ஸென்காகு சிறு சதுரமாகவும் தெரியும். சதுரங்களை உடனே அழித்துவிடாதீர்கள், அவற்றில் சரியானவையும் உண்டு. பந்தியின் தொடக்கத்தில் ஒரு ஸென்காகு விடுவது அவர்கள் வழக்கம். நாம் பந்தியை உள்தள்ளுவதுபோல. கேள்விக்குறிக்கும் வியப்புக்குறிக்கும் பிறகு அடுத்த வாக்கியம் தொடர்ந்தால் நடுவில் ஒரு ஸென்காகு வரும். அதே குறிக்குப் பின்னால் மூடும் அடைப்புக்குறி வந்தால் இடைவெளி கூடாது. முற்றுப்புள்ளிக்குப் பிறகு எதுவும் வேண்டாம், பெட்டியின் வெறும் பாதியே அந்த வேலையைச் செய்கிறது. பந்தித் தொடக்கத்தை மட்டும் நான் அழித்துவிட்டு, பந்தி அமைப்பில் முதல் வரி உள்தள்ளலை ஒரு எழுத்து, அதாவது 3 மி.மீ. என்று வைத்துவிடுவேன். எல்லாப் பந்திக்கும் ஒரே சீராக வரும்.

சாதாரண இடைவெளி ஜப்பானிய எழுத்துகளுக்கு நடுவில் கிடந்தால் இரக்கமில்லாமல் நீக்குங்கள். காரணம் இது: இருபக்கமும் நேராக்கும்போது மென்பொருள் முதலில் விரிப்பது சொல்லிடைவெளியைத்தான். தமிழ் வரியில் ஏழெட்டு இடைவெளி இருக்கும், மிச்ச வெளியை அவை பங்குபோட்டுக்கொள்ளும். ஜப்பானிய வரியில் தெரியாமல் விழுந்த ஒரே ஒரு இடைவெளி இருந்தால் முழு மிச்சமும் அதன் தலையில் விழும். வரியின் நடுவில் பல் விழுந்தமாதிரி ஓட்டை.

வாட்ஸ்அப்பிலோ பிடிஎஃப்பிலோ இருந்து எடுத்த உரையில் வரிக்கு வரி என்டர் இருக்கும். தமிழில் அந்த என்டர்களைத் தேடி ஒரு இடைவெளியால் மாற்றுவோம். ஜப்பானியத்தில் ஒன்றுமில்லாததால் மாற்றவேண்டும். மாற்றும் கட்டத்தை வெறுமையாக விடுங்கள். அதற்கு முன் உண்மையான பந்தி முடிவுகளைக் காப்பாற்றி வையுங்கள். முற்றுப்புள்ளிக்குப் பின் என்டர் வந்து, அதற்கடுத்து ஸென்காகு இருந்தால் அது பெரும்பாலும் உண்மையான பந்தி.

ஜப்பானிய எழுத்துக்கும் ஆங்கில எழுத்து, இலக்கங்களுக்கும் நடுவில் கொஞ்சம் வெளி வேண்டும். பெட்டியின் கால்பங்குதான் மரபு. அதை ஸ்பேஸ் பாரால் போடாதீர்கள். வேர்ட், லிப்ரே ஆபிஸ், இன்டிசைன் மூன்றிலும் அதைத் தானாக விடும் வசதி இருக்கிறது. கையால் போட்டால் இரண்டும் சேர்ந்து அகன்றுவிடும், நேராக்கும்போது இன்னும் விரியும்.

தொலைபேசி எண், மின்னஞ்சல், இணைய முகவரி இவற்றை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ஜப்பானிய முறையில் அடித்த இலக்கங்கள் முழுப்பெட்டி அகலத்தில் இருக்கும். பார்க்க இலக்கம் மாதிரிதான், ஆனால் கணினிக்கு அவை வேறு எழுத்துகள். முகவரிக்குள் ஒரு ஸென்காகு ஒளிந்திருந்தாலும் அந்த முகவரி வேலை செய்யாது. இந்தப் பகுதியை ஆங்கிலப் பக்கத்தில் இருந்து நகலெடுத்து ஒட்டுவது பாதுகாப்பு.

கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளும் உண்டு. 200பி என்ற எண்ணுள்ள பூச்சிய அகல இடைவெளி, 'இங்கே உடையலாம்' என்று சொல்லும் குறி. 2060 என்ற எண்ணுள்ள இணைப்பி, 'இங்கே உடையக்கூடாது' என்று சொல்வது. இணையப் பக்கத்தில் இருந்து எடுத்த உரையில் 200பி தேவையில்லாமல் கிடந்தால் நீக்கிவிடலாம். ஆனால் மும்மொழி ஃபைலில் 'தெரியாத எழுத்து எல்லாவற்றையும் அழி' என்று ஒரே அடியாகச் செய்யவே கூடாது. சிங்களத்தில் 'ஸ்ரீ' என்ற எழுத்து சேர்ந்து வருவதற்கு 200டி என்ற பூச்சிய அகல இணைப்பி கட்டாயம். அதை அழித்தால் நாட்டின் பெயரே சிங்களப் பக்கத்தில் உடைந்து நிற்கும். ஜப்பானியப் பகுதியை மட்டும் தெரிவு செய்து, 200பி-யை மட்டும் தேடி நீக்குங்கள்.

தலைப்புக்கு வேறு நியாயம்

உடல் எழுத்தில் எங்கே உடைந்தாலும் சரி என்றேன். தலைப்பில் அப்படி விடமுடியாது. பெரிய எழுத்தில் சொல் பாதியாக உடைந்தால் ஜப்பானியருக்கும் இடறும். இங்கே தமிழ்க்காரருக்கு ஒரு வசதி இருக்கிறது, அதை விரிவாகவே சொல்கிறேன்.

டொல்பின் பார்க்கப் போகும் படகுக்கான ஒரு தலைப்பை எடுப்போம். 'தொரின்கோமரீ நோ உமி தே, இருகா நி அவு'. திருகோணமலையின் கடலில் டொல்பினைச் சந்திக்க என்று பொருள். நோ, தே, நி மூன்றும் நம் வேற்றுமை உருபு மாதிரி. பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும், பெயரை விட்டுப் பிரியாது. 'கடல்' ஒரு வரியிலும் 'இல்' அடுத்த வரியிலும் வந்தால் நமக்கு எப்படி இருக்குமோ, அவர்களுக்கு உமியும் தேயும் பிரிந்தால் அப்படித்தான். பெயரும் உருபும் சேர்ந்த அந்தத் துண்டுக்கு புன்செத்சு என்பார்கள். தமிழில் ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதுகிறதை அங்கே ஒரு துண்டாக எடுத்துக்கொள்ளலாம். மொழிபெயர்ப்பாளரிடம் 'எங்கே உடைக்கலாம், கோடு போட்டு அனுப்புங்கள்' என்று கேட்டால் அவர் போட்டுத் தருவதும் இந்தத் துண்டுகளின் எல்லையில்தான்.

இந்தத் தலைப்பில் காற்புள்ளியோடு 17 பெட்டி. தலைப்பை 24 கியூ, அதாவது 6 மி.மீ. அளவில் வைத்தால், 81 மி.மீ. அகலத்தில் 13 எழுத்துதான் பிடிக்கும். அப்படியே விட்டால் 13ஆவது எழுத்தோடு வரி முடியும். இருகா என்பதில் 'இரு' மேலே, 'கா' கீழே. கின்சொகுவின்படி இதில் பிழை ஒன்றும் இல்லை, அதனால் மென்பொருள் தடுக்காது. பார்க்கவோ சகிக்காது. காற்புள்ளிக்குப் பின்னால், 11ஆவது பெட்டியில், ஷிஃப்டை அழுத்திக்கொண்டு என்டர் தட்டுங்கள். 'தொரின்கோமரீ நோ உமி தே' மேல் வரியில், 'இருகா நி அவு' ஆறு பெட்டியில் கீழ் வரியில். அச்சுக்குப் போகும் தலைப்பில் கையால் உடைப்பதை நான் தயங்காமல் செய்வேன். எழுத்தைச் சேர்த்து வாசிக்கத் தெரியாவிட்டாலும் காற்புள்ளியைத் தெரியும், அதுவே நல்ல உடைப்பிடம்.

சொற்களுக்கு நடுவே இடைவெளி விட்டே எழுதுகிற ஜப்பானியமும் உண்டு. வகச்சிகாகி என்பார்கள். சின்னப் பிள்ளைகளின் புத்தகம், மொழி படிக்கத் தொடங்கியவர்களின் பாடம், பிரெய்ல் ஆகியவற்றில் அது வழக்கம். கான்ஜி குறைவாக, ஹிரகானா மட்டும் தொடர்ந்து வந்தால் துண்டு எங்கே முடிகிறதென்று தெரியாது என்பதற்காக. வகுப்பு ஆசிரியர் இடைவெளி விட்டு அனுப்பிய பாடத்தாளில் அதைப் பிழை என்று நினைத்து நீக்கிவிடாதீர்கள். அந்தத் தாளை மட்டும் இருபக்கமும் நேராக்காமல் இடப்பக்கம் மட்டும் சேர்த்து அடுக்குங்கள்.

மென்பொருளில் எங்கே என்ன

வேர்டில் முதலில் ஜப்பானியத்தை எழுதும் மொழிகளில் ஒன்றாகச் சேர்க்கவேண்டும். சேர்த்தபின்தான் பந்தி அமைப்புப் பெட்டியில் ஆசிய அச்சமைப்பு என்ற தாவல் தோன்றும். வரித் தலை, வரிக் கடை எழுத்துக் கட்டுப்பாடும், ஆங்கிலத்துக்கு நடுவே தானாக வெளி விடுவதும் அங்கேதான். கடுமை அளவை வேர்டின் பொதுத் தெரிவுகளில் அச்சமைப்புப் பகுதியில் கடுமையானது என்று மாற்றுங்கள். லிப்ரே ஆபிஸிலும் இதேதான்: மொழித் தெரிவில் ஆசிய மொழிகளை இயக்கினால் பந்திக்குள் ஆசிய அச்சமைப்புத் தாவல் வரும், தொங்கவிடுவதை இயக்கவும் நிறுத்தவும் அங்கே முடியும். காசு கொடுக்காமல் இவ்வளவும் கிடைக்கிறது, சின்னக் கடைகளுக்கு நான் இதையே சொல்வேன்.

இன்டிசைனில் ஒரு முக்கியமான விஷயம். தமிழும் சிங்களமும் ஒழுங்காகச் சேர உலக மொழிகளுக்கான வேர்ல்ட்-ரெடி கம்போசர் (எழுத்தை வரியாக அடுக்கும் கருவி) வேண்டும். ஜப்பானியக் கின்சொகு முழுமையாக வேலை செய்ய ஜப்பானிய கம்போசர் வேண்டும். இரண்டும் பந்தி அளவில் தெரிவு செய்கிறவை, ஒரே பந்தியில் இரண்டும் முடியாது. ஆகவே தமிழுக்கு ஒரு பந்திப் பாணி, ஜப்பானியத்துக்கு ஒரு பந்திப் பாணி என்று தொடக்கத்திலேயே பிரித்துவிடுங்கள். ஆங்கிலப் பதிப்பில் ஜப்பானிய வசதிகள் மெனுவில் தெரியாது. நிறுவும் செயலியில் மொழியை ஜப்பானியமாக மாற்றி இன்னொரு தடவை நிறுவினால் அவை வரும். மெனு முழுக்க ஜப்பானியத்தில் இருக்கும், இடத்தைப் பழகிக்கொண்டால் சமாளிக்கலாம்.

எழுத்துருவில் ஒரு எச்சரிக்கை. யூனிகோடில் சீனத்துக்கும் ஜப்பானியத்துக்கும் பொதுவான கான்ஜிகள் ஒரே எண்ணில் இருக்கின்றன. எழுத்துருதான் வடிவத்தை முடிவு செய்கிறது. கணினி தானாக ஒரு சீன எழுத்துருவை எடுத்துவிட்டால் சில எழுத்துகளின் கோடு மாறும். இதில் ஒரு வகையைப் பிடிக்க எளிய வழி, காற்புள்ளியைப் பார்ப்பது. ஜப்பானியத்தில் அது பெட்டியின் இடது கீழ் மூலையில் இருக்கும். பெட்டியின் நடுவில் மிதந்தால் அது தாய்வான் பாணி எழுத்துரு. நோட்டோ சான்ஸ் ஜேபி, நோட்டோ செரிஃப் ஜேபி இரண்டும் இலவசம். விண்டோஸ் 10இல் யூ கோதிக் ஏற்கெனவே இருக்கிறது.

விடுதியின் இணையப் பக்கத்துக்கும் அதே உரையைப் போடக் கேட்பார்கள். முதலில் மொழிக் குறியீட்டை ஜேஏ என்று கொடுங்கள். ஜேபி என்பது நாட்டின் குறியீடு. எழுத்துரு, வரி உடைப்பு இரண்டும் இதைப் பார்த்துத்தான் நடக்கின்றன. பாணித்தாளில் (சிஎஸ்எஸ்) லைன்-பிரேக் என்ற பண்புக்கு ஸ்ட்ரிக்ட் என்று கொடுத்தால் சின்ன எழுத்தும் நீட்டல் கோடும் வரித் தலைக்கு வராது. நார்மல் என்று விட்டால் வரலாம். மூலக் குறியீட்டில் பந்தியின் நடுவில் வரி மாற்றாதீர்கள், அது சில உலாவிகளில் இடைவெளியாகத் தெரியும். ஒரு பந்தி முழுவதும் ஒரே வரியில் இருக்கட்டும்.

தலைப்பைக் கையால் உடைப்பது இணையத்தில் சரிவராது, கைபேசிக்கும் மடிக்கணினிக்கும் அகலம் வேறு வேறு. அங்கே வேர்ட்-பிரேக் பண்புக்குக் கீப்-ஆல் என்று கொடுத்து எங்கேயும் உடையாமல் நிறுத்திவிட்டு, துண்டுகளின் எல்லையில் மட்டும் டபிள்யூபிஆர் என்ற குறிச்சொல்லைப் போடுங்கள். நம் தலைப்பில் நோ-வுக்குப் பின், காற்புள்ளிக்குப் பின், நி-க்குப் பின். குரோமில் ஆட்டோ-ஃபிரேஸ் என்ற தெரிவு 2023இல் வந்தது; துண்டுகளைத் தானே கண்டுபிடித்து உடைக்கும். எல்லா உலாவியிலும் அதை எதிர்பார்க்கமுடியாது என்பதால், முக்கியமான தலைப்புக்கு நான் குறிச்சொல்லையே நம்புகிறேன்.

அச்சுக்கு முன்

கோணேசர் கோயிலும் கோட்டையும் துறைமுகமும் வருகிற பிரசுரங்களில் ஆண்டும் திகதியும் நிறைய இருக்கும். 1942 ஏப்ரல் 9, ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கிய நாள். ஜப்பானிய வாசகர் கட்டாயம் நின்று வாசிக்கிற வரி. அவர்கள் முறையில் 1942, ஆண்டு என்ற கான்ஜி, 4, மாதக் கான்ஜி, 9, நாள் கான்ஜி என்று இடைவெளியில்லாமல் வரும். இலக்கத்துக்கும் கான்ஜிக்கும் நடுவில் உடைவதை மென்பொருள் அனுமதிக்கும். '9' ஒரு வரியின் கடைசியிலும் 'நாள்' அடுத்த வரியின் தலையிலும் நின்றால் திகதியை இரண்டு தரம் வாசிக்கவேண்டிவரும். இன்டிசைனில் இலக்கத்தையும் அதன் கான்ஜியையும் சேர்த்துத் தெரிவு செய்து நோ பிரேக் கொடுங்கள். விலையிலும் நேரத்திலும் இதையே செய்யுங்கள்.

பிறகு பிடிஎஃப் எடுத்து மொழிபெயர்ப்பாளருக்கு அனுப்புங்கள். 'சரியா?' என்று மட்டும் கேட்டால் 'சரி' என்றுதான் பதில் வரும், அவர் கருத்துப் பிழையைத்தான் பார்த்திருப்பார். ஊர்ப் பெயர்கள் உடைந்த இடம், தலைப்புகள் உடைந்த இடம், திகதிகள், வரியின் முதல் எழுத்துகள் என்று குறித்துக் கேளுங்கள். ஒவ்வொரு பத்தியின் இடது விளிம்பை மேலிருந்து கீழாக நீங்களே ஒரு தடவை விரலால் ஓட்டிப் பாருங்கள். புள்ளி, கோடு, சின்ன எழுத்து எதுவும் அந்த விளிம்பில் நிற்கக்கூடாது. வலது விளிம்பில் திறக்கும் அடைப்புக்குறி நிற்கக்கூடாது.

அச்சகத்துக்கு எழுத்துரு பதித்த பிடிஎஃப்பையே கொடுங்கள். வேர்ட் ஃபைலாகக் கொடுத்தால் அங்குள்ள கணினியில் அந்த எழுத்துரு இல்லாமல் வேறொன்று வந்து, 27 எழுத்து வரி குலைந்து, உடைப்பிடங்கள் எல்லாம் மாறிவிடும். மாதிரித் தாள் ஒன்று எடுத்துத் தரச் சொல்லி, மடித்துப் பார்த்து, 9 மி.மீ. ஓரம் இரண்டு பக்கமும் நிற்கிறதா என்று அளந்தபின் ஓடவிடச் சொல்லுங்கள்.